வாலை வெட்டு, வால் ஒட்டு

பிரெஞ்சு வகுப்பின் சுவரில் ஒரு பல்லி ஒட்டிக்கொண்டு பாடம் கேட்டது. ஜன்னலில் உட்கார்ந்து ஓர் அணிலும் கேட்டது.

டீச்சர் 'பார்லே' (parler) என்று பலகையில் எழுதினார். "பேசுறதுன்னு அர்த்தம். கடைசி ரெண்டெழுத்து 'er'தான் இதோட வால். அதை வெட்டிட்டு ஆளுக்குத் தகுந்த வாலை ஒட்டணும். 'நான்' வந்தா 'பார்ல்' (parle), 'நாங்கள்' வந்தா 'பார்லோன்' (parlons). உடம்பு மாறவே மாறாது."

"ஐயோ, வாலை வெட்டணுமா!" அணில் தன் வாலைக் கட்டிக்கொண்டது.

பல்லி தலையை நிமிர்த்தியது. "இது எங்க பரம்பரைப் படிப்பு தம்பி. ஆடு, பாடு, எந்தச் சொல்லை வேணும்னாலும் கொடு. வெட்டி ஒட்டிக் காட்டுறேன்."

வகுப்பு கலைந்ததும் ஒரு பூனை சுவரில் பாய்ந்தது. பல்லியின் வால் பூனையின் வாயில் துடித்தது. பல்லி மட்டும் உத்தரத்துக்கு ஏறிவிட்டது.

"போச்சே உன் வால்!" என்று அணில் அலறியது.

"பாதிப் பாடம் முடிஞ்சுதுன்னு சொல்லு," என்றது பல்லி. பிறகு பூனையைக் குனிந்து பார்த்தது.

"அடுத்த மாசம் வந்து பாரு. எங்களுக்குச் சில சமயம் ரெண்டு வால்கூட முளைக்கும். அப்புறம் நான் 'நான்' இல்லை, 'நாங்கள்'!"