கேபிளை எடுத்த வீடு

வாதாம் மரத்திலிருந்து தெருவைத் தாண்டி மாடி வீட்டுக்குப் போன கேபிள் வயர்தான் அணிலுக்குப் பாதை. அங்கே தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் அதன் மூன்று குட்டிகள் இருந்தன.

அணில் இரை தேடப் போன நேரத்தில் வயரை அறுத்துவிட்டார்கள். மொட்டைமாடியில் புது ஆன்டெனா நின்றது.

"என் பாதை எங்கே?" என்று மரத்திலிருந்து அணில் கத்தியது.

"கேபிளுக்குக் கட்டுற காசு வீண்னு வீட்டுக்காரர் எடுத்துட்டார். இனிமே சேனல் காத்துல வரும், படம் நெட்டுல வரும்" என்றது ஆன்டெனா.

"நான் எதுல வர்றது?"

அணில் இறங்கி ஓடி அந்த வீட்டுச் சுவரில் ஏறியது. வழவழப்பான டைல்ஸில் சறுக்கிச் சறுக்கி விழுந்தது.

மறுநாள், "குட்டிங்க கத்துதா?" என்று மரத்திலிருந்து கேட்டது.

"ஒண்ணு மட்டும் கத்துது."

மூன்றாம் நாளும் கேட்டது.

"எல்லாம் தூங்குதும்மா" என்றது ஆன்டெனா.

அதன் பிறகு அணில் கேட்கவே இல்லை.