லோடர் இழுக்கலை

“தம்பி, மோட்டார் கத்துது, ஆனா ஒரு குருணைகூட மேல ஏற மாட்டேங்குது. காலையிலேருந்து மெஷின் பட்டினி!”

சூப்பர்வைசர் அம்மா சொன்னதும் சர்வீஸ் இன்ஜினியர் பையைக் கீழே வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தான். வாளி மூடி செய்கிற மெஷினின் தலையில் லோடர் உட்கார்ந்திருந்தது. கீழே டிரம்மில் கிடக்கும் பிளாஸ்டிக் குருணையைக் காற்றோடு உறிஞ்சி மெஷினுக்குள் கொட்டுவதுதான் அதன் வேலை. இப்போது வெறும் சத்தம் மட்டும் போட்டுக்கொண்டிருந்தது.

அம்மாவின் போன் அடித்தது. மகள்.

“அம்மா, முடிவு சொல்லும்மா. நீ சரின்னு சொல்லாம நான் கல்யாணம் பண்ணிக்க மாட்டேன். ஆனா அவரைத் தவிர வேற யாரையும் பண்ணிக்க மாட்டேன்.”

“இன்னிக்குள்ள சொல்றேன்னு சொன்னேன்ல? ஆள் தங்கம்னு நீ சொல்ற. உங்கப்பாவையும் தங்கம்னுதான் சொன்னாங்க. மிக்ஸி ஓடலைன்னா மிக்ஸியைத் தூக்கிச் சுவத்துல அடிச்ச தங்கம்! கோபக்காரனுக்கு உன்னைக் கொடுக்க மாட்டேன்டி.”

போனை வைத்துவிட்டுத் திரும்பினார். பையன் அதற்குள் ஏணியில் ஏறி லோடரின் ஃபில்டரைக் கழற்றியிருந்தான். அதன் பின்னால் ஒரு எண்ணெய்த் துணி அடைத்துக் கிடந்தது.

“சார், சத்தியமா நான் வைக்கலை!” என்று பதறினார் மெஷின் ஆபரேட்டர்.

“யார் வச்சா என்னண்ணே, எடுத்தாச்சு. விடுங்க” என்று சிரித்தான்.

மோட்டாரைப் போட்டார்கள். ஊஹூம். குழாயைத் தடவிக்கொண்டே போனான். வளைவில் குழாயை இறுக்கும் ஒரு கிளாம்ப் தளர்ந்து, அந்த இடம் உஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. அதையும் முடுக்கினான். குருணை அசைந்து கொடுக்கவில்லை.

“என்ன தம்பி, உங்க கம்பெனியில வேலை தெரிஞ்ச ஆளே கிடையாதா?”

“இருக்காங்க மேடம். அவங்கெல்லாம் இன்னிக்கு லீவு.”

ஆபரேட்டர் சிரித்துவிட்டார். அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டார்.

பையன் மறுபடி ஏணியில் ஏறினான். ஏறும்போது இரும்புச் சட்டத்தில் முழங்கை ‘ணங்’ என்று இடித்தது. இப்போதாவது நாலு வார்த்தை திட்டுவான் என்று எல்லாரும் பார்த்தார்கள். கண்ணை மூடித் திறந்து, “மேடம், குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?” என்று மட்டும் கேட்டான்.

லோடர் மூடிக்கு அடியில் ரப்பர் வளையம் மடிந்து கிடந்தது. நேராக்கி மூடினான். சடசடவென்று குருணை மேலே பாய்ந்தது. ஆபரேட்டர் கைதட்டியே விட்டார்.

பையன் கிளம்பிப் போனதும் அம்மா ஸ்டோர் ரூமுக்குள் புகுந்து மகளைக் கூப்பிட்டார்.

“எனக்குச் சம்மதம்டி.”

“அம்மா! ஆளைப் பார்க்காமலேயா?”

“யாரு பார்க்கலை? அவர் வேலை பார்க்கிற லோடர் கம்பெனிக்குப் போன் போட்டு, ரிப்பேருக்கு மாப்பிள்ளைதான் வரணும்னு கேட்டு வரவழைச்சேன். ஃபில்டர்ல துணி வச்சது நான். கிளாம்பைத் தளர்த்தினது நான். ரப்பரை மடிச்சதும் நானேதான். அவசர ஆர்டர் இல்லாத மெஷினாப் பார்த்துத்தான் பண்ணினேன். இவ்வளவு படுத்தியும் ஒரு சுடுசொல் வரலைடி! பாவம், நான் யாருன்னே அவருக்குத் தெரியாது.”

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

“உன் போட்டோவை அவர்கிட்ட எப்பவோ காட்டிட்டேன்மா. ஏணி மேலேருந்தே எனக்கு மெசேஜ் போட்டார். ‘துணி கிடைச்சாச்சு. அத்தை வச்சிருக்கிற மத்ததும் கண்ணுல பட்டுடுச்சு. ஒரேயடியா சரி பண்ணிட்டா அவங்க முகம் வாடிடும், ஒவ்வொண்ணாத் தேடுற மாதிரி தேடறேன்’னு!”