டைரக்டர் நாற்காலியில் கிழவி

அரசு நலத்துறை அலுவலகத்தில் ஜன்னல் வெயில் டைரக்டரின் பெரிய நாற்காலியின் மேல் விழுகிறது. பழைய டைரக்டர் ஓய்வு பெற்றுப் போனதிலிருந்து அதில் உட்கார ஆளில்லை. ஆனாலும் பியூன் தினமும் அதைத் துடைத்து, துண்டு மாற்றி, கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் ஊற்றி மூடி வைத்து, மின்விசிறியையும் சுற்றவிடுகிறார். இல்லாத ஆளுக்கு வியர்க்குமாம். வராண்டாவில் நிற்கும் கொத்தனாருக்கு அதைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிகிறது. மனைவியின் இடுப்பு ஆபரேஷனுக்கு அரசு உதவி வர வேண்டும். டைரக்டர் கையெழுத்துப் போட்டால்தான் வரும். அவளோ உட்கார பெஞ்சுகூட இல்லாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். “புது டைரக்டர் எப்பய்யா வருவாரு?” “மேலே பரிசீலனையில இருக்கு பெரியவரே,” என்கிறார் தலைமை எழுத்தர், டீயை உறிஞ்சியபடி. “போன தடவையும் அதான் சொன்னே. பொண்ணு பார்த்துக் கல்யாணம் முடிக்கக்கூட இவ்வளவு நாள் ஆகாதே!” கொத்தனார் மனைவியின் தோளைத் தாங்கி உள்ளே கூட்டிப்போய் அந்த நாற்காலியில் உட்கார வைக்கிறார். “ஐயோ, என்னங்க இது, மானம் போகுது,” என்கிறாள் அவள். முதுகு சாய்ந்ததும் கண் தானாக மூடிக்கொள்கிறது. பியூன் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார். எழுத்தர் சட்டையில் டீயைக் கொட்டிக்கொண்டு ஓடி வருகிறார். “எந்திரிக்கச் சொல்லுங்க! இல்லைன்னா மந்திரி ஆபீசுக்கே போன் போட்டுடுவேன்!” கொத்தனார் மேசை மேல் இருக்கும் போனை அவர் பக்கம் தள்ளுகிறார். “போடுய்யா. அதுக்குத்தானே உக்கார வெச்சிருக்கேன். அவங்க புது டைரக்டரை அனுப்பட்டும், இவ எந்திரிப்பா.”