சரிவுக்கு இரண்டு பதில்

வரைபடத்தில் இந்த முறை ஒரு சாம்பல் கட்டம்கூட இல்லை.

பிரிவுத் தலைவர் திரையைப் பார்த்து, பெண்ணுக்கு வரன் அமைந்த அப்பா மாதிரிச் சிரித்தார். "இப்பதான்யா மேப்பு மேப்பு மாதிரி இருக்கு. பாவம், போய்ச் சேந்துட்டா, நல்ல பொண்ணுதான். ஆனா ஒண்ணு, உனக்கு இனிமே தலைவலி விட்டுது."

அவன் தலையாட்டினான். அவள் உட்கார்ந்திருந்த பக்கத்து நாற்காலியில் அதற்குள் யாரோ ஃபைல்களை அடுக்கியிருந்தார்கள்.

வேலை இதுதான். செயற்கைக்கோள் படத்தைக் கட்டம் கட்டமாக வெட்டி, போன வருடம் காடாக இருந்தது இப்போதும் காடா, தரிசா, கட்டடமா என்று இரண்டு பேர் தனித்தனியே சொல்ல வேண்டும்.

ஒத்துப்போனால் அதற்குரிய நிறம். ஒத்துப்போகாவிட்டால் சாம்பல். சாம்பல் என்றால் சந்தேகம். சொன்ன இருவரும் நேரில் போய்ப் பார்க்கும்வரை அங்கே யாரும் கடப்பாரை போட முடியாது.

தரிசு என்று தெளிவாகிவிட்டாலோ, கல்குவாரிக்காரன் மறுநாளே வந்து நிற்பான்.

அவனும் அவளும் கீரியும் பாம்பும் என்பது அலுவலகத்துக்கே தெரிந்த விஷயம். தண்ணீர் குடிக்கக்கூட ஒரே நேரத்தில் எழுந்ததில்லை.

அவள் இறந்த பிறகு, அவள் பதிலையும் அவனையே போடச் சொன்னார்கள். தன்னோடு தானே ஒத்துப்போவதில் அவனுக்குப் பெரிய சிரமம் இருக்கவில்லை.

தலைவர் ஒப்புதல் கொடுக்க மவுஸைப் பிடித்தபோதுதான் அந்த மலைச்சரிவு அவன் கண்ணில் பட்டது.

தரிசு.

பழக்கதோஷம். வருடா வருடம் அந்தச் சரிவுக்கு அவன் தரிசு என்றுதான் போடுவான். இந்த முறை அவள் பதிலிலும் அதையே போட்டிருந்தான்.

அது காடு என்று அவனுக்குத் தெரியும். அவள் காடு என்றுதான் போடுவாள் என்பதும் தெரியும்.

சாம்பல் விழும். ஆபீஸ் ஜீப் கிடைக்கும். அவன் ஓட்டுவான். அங்கே மரத்தடியில் ஒரு முழு நாள், அவர்கள் சண்டை போட வேண்டியதில்லை.

இதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசி வைத்துக்கொண்டதில்லை.

"ஒரு நிமிஷம் சார்."

இரண்டு பதிலையும் காடு என்று மாற்றினால் போதும். கட்டம் பச்சையாகும், சரிவு பிழைத்துவிடும்.

அவன் அவளுடையதை மட்டும் மாற்றினான்.

தலைவர் முகம் தொங்கிப்போனது. "நல்லாத்தானேய்யா இருந்துச்சு. இதை இப்ப யாரு போய்ப் பாக்குறது?"

"நாங்கதான் சார்" என்றான்.