ஒரு சாண் தள்ளி

தீப்பெட்டி கம்பெனி லைசென்ஸைப் புதுப்பிக்க அலைந்துகொண்டிருந்த சோலைராஜ், அந்த அலைச்சலிலும் மனைவி செல்வமாரிக்காகக் கோவில்பட்டிக் கரிசல் காட்டில் பச்சைக் கம்பளம் விரித்து, நடுவில் குழி வெட்டி, கோல்ஃப் பயிற்சியாளரையும் வைத்தார்.

ஆறு மாதமாக ஒரே தட்டலைத்தான் தட்டிப் பழகினாள்.

“இது கைவந்துட்டா, கோப்பை யாருக்குன்னு நீங்கதான் முடிவு பண்ணுவீங்க மேடம்” என்றார் பயிற்சியாளர்.

கொடைக்கானல் போட்டி. அரையிறுதியில் செல்வமாரியிடம் தோற்ற இளம்பெண் அழுதுகொண்டே வெளியேறினாள். இறுதிப் போட்டிக்கு ஒரு வயதான அம்மாள் வந்தார். அவரோடு ஆடிய எல்லாருமே கடைசிக் குழியில்தான் தோற்றிருந்தார்கள்.

இப்போதும் கடைசிக் குழி வரை சமநிலை. அம்மாள் ஒருவழியாகப் பந்தைக் குழியில் தள்ளிவிட்டார். செல்வமாரி தட்டினாள். பந்து குழியைத் தாண்டி ஒரு சாண் தள்ளி நின்றது. திருப்பித் தட்டினாள். இந்தப் பக்கம் ஒரு சாண்.

முகத்தை மூடிக்கொண்டாள். சிரிப்பை மறைக்க வேறு வழியில்லை.

உடனே போன் போட்டாள்.

“ஏங்க, நினைச்ச மாதிரியே தோத்துட்டேன். லைசென்ஸ் ஆபீசர் சம்சாரத்துக்குத்தான் கோப்பை.”

“அந்த ஆபீசரை நேத்தே மாத்திட்டாவளாம் செல்வமாரி.”

“அய்யய்யோ. புதுசா யாரு?”

“இப்பதான் வாழ்த்துச் சொன்னேன். அவரு சம்சாரமும் அங்கனதான் ஆட வந்திருக்காவளாம். சின்ன வயசு. அரையிறுதியில எவளோ ஒருத்தி ஈவு இரக்கமில்லாம ஆடி அழ வச்சுட்டாளாம். யாருட்டி அவ, நீ பாத்தியா?”