சுப்பையா கொண்டு வந்த தோடி

சுப்பையா பையிலிருந்து இசைத்தட்டை உருவி, லேபிள் தெரியாதபடி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கிராமபோன் பக்கம் போனார்.

"கொண்டு வந்திட்டீரோ! நீர் வெறுங்கையோட வரமாட்டீரெண்டு எனக்குத் தெரியும். போடும், போடும்" என்றார் கந்தப்பு.

வாசலில் கண்ட நேரத்திலிருந்து கந்தப்புவே விடாமல் பேசிக்கொண்டிருந்தார். சுப்பையாவுக்கு வாய் திறக்க இடமில்லை.

சயாமில் ரயில்பாதை போட ஜப்பான்காரன் ஆள் பிடித்தபோது, கூலிகளுக்குப் பேர் எழுதவென்று, கணக்கெழுதும் கிராணியாக இருந்த கந்தப்புவையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போனான். போனவர்களில் திரும்பியவர்கள் கொஞ்சம். கந்தப்பு எலும்பும் தோலுமாக ஜெலுத்தோங் வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறார் என்ற செய்தி சுப்பையாவுக்கு அன்று காலையில்தான் கிடைத்தது.

யுத்தம் வருவதற்கு முன்னால் சனிக்கிழமை தவறாமல் இதே கூடத்தில் இருவருக்கும் தோடி ராக வழக்கு நடக்கும்.

கந்தப்புவுக்கு ஒரு பாட்டுக்கார அம்மாள் பாடிய தோடி உயிர். சுப்பையாவுக்கு நாயனத்தில் வாசித்த தோடி. மாற்றி மாற்றிப் போடுவார்கள். அந்த அம்மாள் காந்தார ஸ்வரத்தை அசைக்கிற அசைவுக்கு மேல் சங்கீதத்தில் என்ன இருக்கிறது என்பார் கந்தப்பு. அதே இடத்தில் நாயனக்காரர் மூச்சைப் பிடித்து நிற்பதைக் கேளுங்கள் அண்ணே என்பார் சுப்பையா. கந்தப்புவின் மனைவி யோகம்மா கொண்டு வந்து வைத்த காப்பி ஆறிப்போய்க் கிடக்கும்.

ஒருநாளும் ஒருவர் மற்றவருக்கு விட்டுக்கொடுத்ததில்லை.

கந்தப்புவைக் கொண்டு போன பிறகு, யோகம்மா தட்டுகளை ஒவ்வொன்றாக விற்று மரவள்ளிக்கிழங்கு வாங்கினாள். கிராமபோனை மட்டும் விற்க மனம் வரவில்லை. தட்டுகளோடு அந்த அம்மாளின் தோடியும் போனது.

பழைய சாமான் கடை ஜபருல்லாவிடம் ஒருநாள் சுப்பையா அதைக் கண்டார். பேரம் பேசவில்லை. வீட்டில் ஒளித்து வைத்திருந்த அரிசியைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத் தட்டை எடுத்து வந்தார். துணியில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்தார்.

கந்தப்பு வந்தால் கொடுக்க வேண்டும். வருவாரா என்று யாருக்கும் தெரியாது.

வந்துவிட்டார்.

சுப்பையா கிராமபோனுக்குச் சாவி கொடுத்தார். இரும்பு ஊசி எங்கும் கிடைக்காத காலம். மூங்கிலைச் சீவிச் செய்த ஊசியைச் சுழலும் தட்டின் மேல் மெல்ல இறக்கினார்.

அந்த அம்மாளின் குரல் கூடத்தில் எழுந்தது.

சமையலறையிலிருந்து யோகம்மா ஓடி வந்தாள். தான் விற்ற தட்டு அது என்று முதல் வரியிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கணவரின் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள்.

சுப்பையா கந்தப்புவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இதோ துள்ளி எழுவார். எங்கே பிடித்தீர் என்று கேட்பார்.

கந்தப்பு கண்ணை மூடித் தொடையில் தாளம் போட்டார். தாளம் பாட்டோடு சேரவில்லை. ஒருநாளும் தாளம் தப்பாத மனுஷர். உடம்பில் பலமில்லை, பாவம் என்று சுப்பையா நினைத்துக்கொண்டார்.

கண்ணைத் திறக்காமலே கந்தப்பு சொன்னார்: "சுப்பையா, இவ்வளவு வருஷமும் நான் வீம்புக்குத்தான் கதைச்சனான். உம்மட ஆளின்ர நாயனம்தான் உயர்த்தி. என்ன மூச்சு! இந்த இடத்தைக் கேளும்."

அந்த இடத்தில் அம்மாள் காந்தாரத்தை அசைத்துக்கொண்டிருந்தாள்.

சுப்பையா யோகம்மாவை நிமிர்ந்து பார்த்தார். அவள் குரலைத் தாழ்த்தாமலே, கணவரின் தலைக்கு மேலாகப் பேசினாள்.

"அவருக்கு இப்ப ஒண்டும் கேக்காது தம்பி. அங்க காதோட சேர்த்து அடிச்சுப்போட்டாங்கள். உங்களுக்குச் சொல்லக்கூடாதெண்டு என்னட்டச் சத்தியம் வாங்கினவர். சுப்பையா தன்ர நாயனத்தைத்தான் கொண்டு வருவான், இந்த முறை அவன் வெல்லட்டும், சந்தோஷமாப் போகட்டும் எண்டார்."

கந்தப்பு தாளம் போட்டுக்கொண்டே இருந்தார்.

சுப்பையா தட்டைப் பார்த்தார். சுழலும்வரை லேபிளைப் படிக்க முடியாது. நின்றால் கந்தப்பு ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்.

பாட்டு முடியும்வரை சுப்பையா காத்திருக்கவில்லை. ஊசியைத் தூக்கினார். தட்டை நிறுத்தி, லேபிளை உள்ளங்கையால் மூடிப் பைக்குள் இறக்கினார்.

கூடம் அமைதியாகிவிட்டது. கந்தப்புவின் கை நிற்கவில்லை. அவருக்குள் வாசித்துக்கொண்டிருந்த நாயனம் முடிந்த பிறகுதான் நின்றது. கண்ணைத் திறந்தவர் சுப்பையாவின் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன, வென்றதுக்கு அழுகிறீரோ?"

சுப்பையா கண்ணைத் துடைத்துக்கொண்டு, பழைய சனிக்கிழமைகளைப் போலத் தொடையைத் தட்டினார். "நான்தான் அப்பவே சொன்னேனே அண்ணே!" என்று வாய் நிறையச் சிரித்தார்.

கந்தப்புவுக்கு அது போதுமாயிருந்தது.

வெளியே, வாசல் படலைக்குப் பக்கத்தில், சுப்பையா பையைத் திறந்து தட்டை யோகம்மாவிடம் நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"வேண்டாம் தம்பி. இங்க இருந்தா எண்டைக்காவது அவற்ற கண்ணில படும். தான் எதைக் கேட்டுக்கொண்டிருந்தனெண்டு விளங்கிப்போகும்."

சொல்லிவிட்டு, தட்டின் மேல் ஒரு தரம் கை வைத்தாள். பிறகு அவளே அதைப் பைக்குள் தள்ளி மூடினாள்.