ஆறாவது பெயர்

"இந்த நோட்டை எழுதினது அந்த அம்மா இல்ல. நீங்கதான்."

பல்கலைக்கழகத்திலிருந்து வகுப்பைச் சோதிக்க வந்திருந்த ஆய்வாளர் நல்லுசாமி, கடைசி பெஞ்சு மாணவியின் நோட்டை மேசைமேல் போட்டுவிட்டுக் கரும்பலகையைக் காட்டினார். ஜப்பானிய மொழி ஆசிரியர் தைரியராஜ் சற்றுமுன் எழுதிய நாலு வரி அதில் இருந்தது.

பலகையிலும் நோட்டிலும் ஒரே கையெழுத்து. ஒரே சாய்வு. 'கி' என்ற ஜப்பானிய எழுத்தின் அடியில் இரண்டிலும் ஒரு சின்னக் கொக்கி. அப்படி ஒரு கொக்கி எந்தப் பாடப்புத்தகத்திலும் கிடையாது என்றார் நல்லுசாமி. அவர் டோக்கியோவில் நாலு வருடம் படித்தவர்.

திருச்சியில் அந்தக் கல்லூரியில் ஜப்பானிய மொழி சர்டிபிகேட் வகுப்பு தொடங்கி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. 1962. ஆறு பேராவது சேர வேண்டும், இல்லாவிட்டால் வகுப்பு கிடையாது என்பது விதி. கடைசி நாள் வரைக்கும் ஐந்து பேர்தான் தேறினார்கள். ஆபீஸ் மூடப்போகும் நேரத்தில் சகாயம்மாள் வந்து ஆறாவதாகத் தன் பெயரை எழுதினார்.

அவருக்கு நாற்பது வயதுக்கு மேல். மலாயாவில் பிறந்து வளர்ந்தவர்; இப்போது புத்தூரில் பெண்களுக்குத் தையல் சொல்லிக்கொடுக்கிறார். தையல்காரம்மாவுக்கு ஜப்பான் பாஷை எதற்கு என்று குமாஸ்தா கேட்டதற்கு, தனக்கு ஒரு சர்டிபிகேட் வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

இதையெல்லாம் குமாஸ்தா சொல்லக் கேட்டபோதே நல்லுசாமிக்குச் சந்தேகம் விழுந்திருந்தது. நோட்டைப் பார்த்ததும் அது உறுதியாகிவிட்டது. மற்ற ஐந்து நோட்டுகளிலும் பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மை. இதில் ஒரு புள்ளிகூட இல்லை. எண்ணிக்கைக்காகத் தெரிந்த அம்மா ஒருத்தரைப் பிடித்து உட்காரவைத்து, நோட்டையும் தானே எழுதி வைத்திருக்கிறார் வாத்தியார்.

அப்படியானால் இருப்பது ஐந்து பேர்தான், வகுப்பு ரத்து, பரீட்சையும் கிடையாது என்று நல்லுசாமி சொன்னதும் முன்பெஞ்சில் காத்தமுத்து பேனாவை மூடி வைத்துவிட்டான்.

காத்தமுத்து உறையூர் நெசவாளி வீட்டுப் பிள்ளை. ஜப்பானில் நகோயா என்ற ஊரில் ஒரு தறித் தொழிற்சாலையில் ஒரு வருடப் பயிற்சிக்கு அவனைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். சர்டிபிகேட்டை அனுப்பினால்தான் கப்பல் டிக்கெட் வரும். குனிந்து வணங்குவதெல்லாம் பழகியாகிவிட்டது. ஒரு மாதமாக வீட்டில் ரசம் சோறு தவிர மற்ற எல்லாவற்றையும் இரண்டு மூங்கில் குச்சியால்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

தைரியராஜ் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் கடைசி பெஞ்சிலிருந்து சகாயம்மாள் எழுந்துவிட்டார்.

"என்னைப் பத்திதானே சார் பேச்சு? என்னையே கேளுங்க."

அவர் எழுந்ததும் தைரியராஜும் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். மாட்டிக்கொண்ட பதற்றம் என்று நல்லுசாமி எடுத்துக்கொண்டார்.

சாக்பீஸை சகாயம்மாளிடம் நீட்டி, தான் சொல்லச் சொல்ல ஜப்பானிய மொழியில் எழுதும்படி சொன்னார். மழைக்காலம் வந்துவிட்டது. ஆறு நிரம்பி ஓடுகிறது. குடையோடு அம்மா பள்ளிக்கூட வாசலில் காத்திருக்கிறாள். அவர் ஒரு வரியை முடிப்பதற்குள் பலகையில் அந்த வரி முடிந்திருந்தது. அதே சாய்வு, அதே கொக்கி.

நல்லுசாமி விடவில்லை. நோட்டைப் பார்த்து எழுதிப் பழகியிருக்கலாம், பேச வருமா என்று பார்க்க நினைத்தார். உங்கள் ஊர் ஆற்றைப் பற்றிச் சொல்லுங்கள் என்று ஜப்பானிய மொழியில் கேட்டார்.

சகாயம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பேச ஆரம்பித்தார். ஸ்ரீரங்கத்துக்குப் பாலத்தில் போகும்போது டவுன் பஸ்ஸில் இருக்கிற அத்தனை பேரும் காவிரியில் தண்ணீர் எவ்வளவு என்று ஒரே பக்கமாக எட்டிப் பார்ப்பார்கள் என்றும், பஸ் அந்தப் பக்கமே சாய்ந்துவிடுமோ என்று தனக்குப் பயமாக இருக்கும் என்றும் சொன்னார். எங்கும் தடுமாறவில்லை. கடைசியில், டோக்கியோ ஆற்றை ஜனங்கள் இப்படி எட்டிப் பார்ப்பதுண்டா என்று அவரையே கேட்டார். பதில் சொல்ல நல்லுசாமிதான் வார்த்தை தேட வேண்டியிருந்தது.

அவர் நேர்மையான மனிதர். தவறாக நினைத்துவிட்டேன் என்று இருவரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். ஆறு பேரும் பரீட்சை எழுதலாம் என்று அங்கேயே ரிப்போர்ட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். காத்தமுத்து எழுந்து, எட்டு மாதமாகப் பழகிய மாதிரியே இடுப்பை வளைத்து ஒரு வணக்கம் போட்டான். நல்லுசாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

புறப்படும்போது பலகையை இன்னொரு தரம் பார்த்தார். அந்தக் கொக்கி அவரை விடவில்லை.

"எட்டே மாசத்துல சாரோட கையெழுத்தை அப்படியே பிடிச்சிட்டீங்களேம்மா."

சகாயம்மாள் சாக்பீஸ் தூளைக் கையிலிருந்து தட்டிக்கொண்டார். தைரியராஜ் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தார்.

"நான்தான் சார் இவங்க கையெழுத்தைப் பிடிச்சேன். ஜப்பான்காரங்க மலாயாவை ஆண்டப்ப, எனக்கு அந்தப் பாஷை சொல்லிக்கொடுத்த ரெண்டாங் கிளாஸ் டீச்சர் இவங்க."